வாசல்வரை வந்தவள்

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் ஓர் உயர்நிலைப் பள்ளி. நூலகத்துக்கும் கழிவறைக்கும் இடையே உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்திருந்த ஓர் அறையைக் காலி செய்து சந்திரமதிக்குக் கொடுத்தார்கள். மாணவர் மனநலமே எங்கள் முதற்கடமை என்று பள்ளியின் முகப்பில் பெரிய பதாகை தொங்கியது. அந்த முதற்கடமைக்கு ஜன்னல் கிடையாது. ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகளுக்கு ஓர் ஆலோசகர்.

சந்திரமதிக்கு வயது நாற்பத்தேழு. வங்கியில் நல்ல வேலையில் இருந்தவர், சம்பளம் பாதியாகும் என்று தெரிந்தே இந்தத் தொழிலுக்குப் படித்து வந்தார். பொங்கோலிலிருந்து தினமும் ரயிலில் தீவின் மறுகோடிக்கு வந்துபோகிறார். அறை கிடைத்த அன்றே மேசையைச் சுவரோரம் தள்ளினார். இரண்டு நாற்காலிகளைச் சற்றே சாய்வாக, ஒரே பக்கம் பார்த்தபடி போட்டார். முகத்துக்கு நேரே உட்கார்ந்தால் பிள்ளைக்கு அது விசாரணையாகத்தான் தெரியும் என்பது அவருடைய கட்சி. உள்ளே யார் என்று வெளியே தெரியாதபடி கதவுக் கண்ணாடியில் தாள் ஒட்டினார். ஒரு டப்பா பிஸ்கட், ஒரு குடுவைத் தண்ணீர். அவ்வளவுதான் கருவிகள்.

யார் வந்தாலும் “ஏன்” என்று ஆரம்பிக்கமாட்டார். “ஏன் அழுற, ஏன் கிளாஸுக்குப் போகல” என்று கேட்கத்தான் வீடு முழுக்க ஆள் இருக்கிறார்களே. அவர் கேட்பது: “காலையில என்ன சாப்பிட்ட? நேத்து தூங்குனியா?” துக்கத்தைச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கும் தான் சாப்பிடவில்லை என்று சொல்லத் தெரியும். அங்கிருந்து பேச்சு நகரும்.

இரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுக்கமாட்டார். “நீ சொல்றத ஊரெல்லாம் போய்ச் சொல்லமாட்டேன். உன் உயிருக்கு ஆபத்துன்னா சொல்லுவேன். யார்கிட்ட சொல்லப் போறேன்னு மொதல்ல உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்.” பொய்யான வாக்கைவிட இந்த நேர்மையைப் பிள்ளைகள் எளிதாகப் பிடித்துக்கொண்டார்கள்.

பிறகு அந்தக் கேள்வி. “செத்துப்போயிடலாம்னு தோணுதா?” சுற்றிவளைக்காமல், குரல் மாறாமல், சாப்பிட்டாயா என்று கேட்ட அதே தொனியில். சாவின் பெயரைச் சொன்னால் சாவு வந்துவிடும் என்று நம்புகிற வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். கேட்டால் எண்ணம் முளைத்துவிடும் என்று படித்தவர்கள்கூடச் சொல்கிறார்கள். அது வெறும் பயம், அறிவு அல்ல. கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை. ஏற்கெனவே இருந்தால் வெளியே வருகிறது. யாரும் கேட்காத பிள்ளைதான் அதோடு தனியாக இருக்கிறது.

ரக்ஷனாவிடமும் அப்படித்தான் கேட்டார். சென்ற ஆண்டு ஆகஸ்டில் வகுப்பாசிரியர் அவளை அழைத்துவந்து உட்காரவைத்துவிட்டுப் போனார். “இந்தியன் கேர்ள், நீங்க பேசினா நல்லா இருக்கும்” என்றார். தமிழ்ப்பிள்ளை என்றால் இந்த அறைக்கு அனுப்புவது பள்ளியின் வழக்கம். ரக்ஷனாவுக்கு அப்போது பதினான்கு வயது. லாரி ஓட்டிய அப்பா இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சுவலியில் போயிருந்தார். அவள் இரண்டு பிஸ்கட்டை உடைத்துத் தூளாக்கினாளே தவிரச் சாப்பிடவில்லை. அந்தக் கேள்விக்கு, “ம்” என்றாள்.

அன்று மாலையே சந்திரமதி அம்மாவை வரவழைத்தார். மறுநாள் மூவருமாக மருத்துவமனைக்குப் போனார்கள். மருத்துவர் கேப்சூல் எழுதிக் கொடுத்தார், தினமும் ஒன்று. தானாக நிறுத்தக்கூடாது என்று இரண்டு முறை சொன்னார். அக்டோபரில் ரக்ஷனா பிஸ்கட் தின்றாள். நவம்பரில் கேலி பேசினாள்.

“மேம், நாள் முழுக்க ஃப்ளஷ் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கீங்களே, உங்களுக்கு டிப்ரெஷன் வராதா?”

“வரும். அப்ப உன்கிட்டதான் கவுன்சலிங் வருவேன்.”

“நான் சார்ஜ் பண்ணுவேன்லா.”

இருவரும் ஒரு திட்டம் போட்டிருந்தார்கள். மறுபடியும் தாங்கமுடியாமல் போனால் என்ன செய்வது என்ற திட்டம். முதலில் அம்மா. அம்மா இல்லையென்றால் உதவித் தொலைபேசி. அதுவும் முடியாவிட்டால், “எங்க இருந்தாலும் சரி, எந்த நேரமானாலும் சரி, கெளம்பி இந்த ரூமுக்கு வந்துடு. அனுமதி கேக்காத, கதவு தட்டாத.” ரக்ஷனாவைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். நல்ல திட்டம்தான். அது அந்த அறையில் இருந்த இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும். யார் ஆலோசனைக்கு வருகிறார்கள் என்பதைப் பள்ளியில் வேறு யாருக்கும் சொல்லக்கூடாது என்பது விதி. துணை முதல்வருக்கு மட்டும் தெரியலாம். ஆலோசனைக்குப் போகிறாள் என்று தெரிந்தாலே பைத்தியம் என்று பெயர் வைக்கிற ஊரில் அந்த விதிக்கு நியாயம் இருந்தது.

ஜனவரியில் பள்ளி திறந்ததும் ரக்ஷனா வந்தாள்.

“மேம், ஒரு ஃபன்னி கொஸ்டின். என் கேப்சூல் சைவமா?”

“ஏன் கேக்கற?”

“தைப்பூசத்துக்கு வெரதம். இந்த வருஷம் நான் பால்குடம் எடுக்கறேன். எனக்கு நல்லாயிடுச்சுல்ல, அதுக்கு முருகனுக்கு நன்றி. மருந்து கண்டுபிடிச்சவருக்கு ஒரு தேங்க்ஸ் கெடையாது.” சிரித்தாள். “அம்மா வீட்ல இருக்கற டப்பா எல்லாத்தையும் படிக்கறாங்க. பிஸ்கட், ஐஸ்கிரீம், டூத்பேஸ்ட். என் மருந்துல ஜெலட்டின்னு போட்ருக்காம். கூகுள் பண்ணிப் பாத்துட்டு ஒரே டென்ஷன்.”

சந்திரமதி தெரிந்த மருந்தாளர் ஒருவருக்குத் தொலைபேசினார். பிறகு உள்ளதைச் சொன்னார். “மேல இருக்கற கூடு மாட்டு எலும்பு, தோல்லேர்ந்து செய்யறது. உள்ள இருக்கற மருந்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. நிறுத்திடாத. டாக்டர்கிட்ட கேக்கச் சொன்னேன்னு அம்மாகிட்ட சொல்லு.”

உண்மையை மறைக்கக்கூடாது. ஆனால் உண்மையைச் சொன்னதோடு வேலை முடிந்துவிட்டது என்று ஒரு வாரம் இருந்துவிட்டார். அந்த ஒரு வாரத்தில் ரக்ஷனாவின் அம்மா பாப்பாத்தி மருந்தை நிறுத்திவிட்டார்.

அடுத்த தடவை ரக்ஷனா பிஸ்கட் டப்பாவைத் தொடவில்லை. பள்ளிச் சட்டை தொளதொளவென்று தொங்கியது. விரதத்தில் போன் கூடாது என்று பெரியப்பா வாங்கி வைத்துக்கொண்டாராம். தூக்கம் வருவதில்லை. தரையில் படுப்பதால்தான் என்றாள்.

“மருந்து?”

“பூசம் முடிஞ்சதும் குடுக்கறாங்களாம்.”

“அந்த எண்ணம்?”

அவள் கதவைப் பார்த்தாள். “கொஞ்சம். பழைய மாதிரி இல்ல. கொஞ்சம்.”

சந்திரமதி மருத்துவமனைக்குத் தொலைபேசினார். நோயாளியைப் பற்றிப் பேசப் பெற்றோர்தான் அழைக்க வேண்டும் என்றாள் தாதி. அடுத்த முறை வரும் தேதி பிப்ரவரிக் கடைசியில். “அம்மா கால் பண்ணா முன்னாடி தேதி பாக்கலாம்” என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சந்திரமதி தேக்காவுக்குப் போனார்.

தேக்கா சந்தையில் மருதப்பனின் காய்கறிக் கடை. ரக்ஷனாவின் அப்பாவுக்கு மூத்தவர் மருதப்பன். தம்பி போன பிறகு தம்பி மனைவிக்குத் தன் கடையிலேயே வேலை கொடுத்தார். ஊரில் இதைப் பெரிய மனசு என்பார்கள். சாப்பாடு போடுகிற கையே வாயையும் அடைத்துவிடும் என்பதை யாரும் சொல்வதில்லை. பாப்பாத்தி முருங்கைக்காய்களைக் கட்டுக்கட்டாக ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தார்.

“டீச்சர்! வாங்க, வாங்க. பிள்ளை ஏதும் தப்பு பண்ணுச்சா?”

“ஒண்ணும் இல்லக்கா. மருந்து விஷயமாத்தான் வந்தேன்.”

பாப்பாத்தி குரலைத் தாழ்த்தினார். “நானே உங்கள கேக்கணும்னு இருந்தேன். அந்தக் கூட்டப் பிரிச்சு, உள்ள இருக்கற பொடிய மட்டும் தேன்ல கொழச்சுக் குடுத்தா ஆகாதா?”

அறிவுள்ள கேள்வி. அந்த வீட்டில், அந்தப் பள்ளியில், அந்த மாதம் முழுவதும் வேறு யாரும் கேட்காத கேள்வி. ஆனால் மருந்து பற்றி ஆலோசகர் எதுவும் சொல்லக்கூடாது. அதுவும் விதி.

“அதை டாக்டர்தான் சொல்லணும்க்கா. நீங்க போன் பண்ணீங்களா?”

“பண்ணேனே. அது இங்கிலீஷ்ல ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குன்னுச்சு. அமுக்குனேன். பாட்டுப் போட்டான். இங்க ஆள் வெண்டைக்காய் கேட்டு நிக்குது. பாட்டு முடியவே இல்ல. வெச்சுட்டேன்.”

“இப்ப நான் கூட இருக்கேன், மறுபடியும் போடலாமா? அவசர லைன்ல ஆள் இருப்பாங்க.”

பாப்பாத்தி கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுக்கப் போனார். அதற்குள் பூசணிக்காய் மூட்டையை இறக்கிவிட்டு மருதப்பன் வந்தார். வெறுங்கால், மஞ்சள் வேட்டி, நெற்றி நிறைய திருநீறு. இருபது வருடமாகக் காவடி எடுப்பவர்.

“யாரும்மா இவங்க?”

“ரக்ஷனா ஸ்கூல் டீச்சரு, அத்தான். மருந்து...”

“மருந்து நிப்பாட்டியாச்சு மேடம். வெரதத்துல மாட்டு எலும்ப முழுங்கச் சொல்றீங்களா?”

“ஐயா, திடீர்னு நிறுத்தக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். வேற வடிவத்துல இருக்கான்னு கேப்போம். அஞ்சு நிமிஷ வேல.”

“அஞ்சு நிமிஷ வேலையா?” அவர் சத்தம் போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. “என் தம்பி அந்த வருஷம் காவடி எடுக்கல மேடம். பூசத்துக்கு லீவு கெடையாதுன்னுட்டான் மொதலாளி. பரவால்லண்ணே, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னான். ரெண்டு மாசத்துல போயிட்டான். அவன் கடன் பாக்கி நிக்குது. அத அவன் மகதான் தீக்கணும். நீங்களும் தமிழ் ஆளுதான? வெள்ளக்காரி மாதிரி பேசறீங்களே.”

லாரி முதலாளி விடுப்புத் தராதது உண்மை. தம்பி இளைத்து இளைத்து வேலை பார்த்ததும், நெஞ்சு வலிக்கிறது என்றபோது ஒரு பரிசோதனைக்கும் போக நேரம் இல்லாததும் உண்மை. கோபப்பட வேண்டிய இடம் எவ்வளவு தெளிவாக இருந்தது! அந்தக் கோபத்தை முதலாளியிடம் காட்ட முடியாத மனிதர், அதைக் கடவுளின் கணக்கில் எழுதி, பதினைந்து வயதுப் பெண்ணின் தலையில் பால்குடமாக ஏற்றிவைத்தார். அவர் கொடியவர் அல்ல. தம்பி மகள்மீது அவருக்கு உயிர். மூடநம்பிக்கைக்குக் கொடியவர்கள் தேவைப்படுவதில்லை, அன்பானவர்களை வைத்தே அது வேலையை முடித்துக்கொள்ளும்.

பாப்பாத்தி முருங்கைக்காய் கட்டத் திரும்பினார்.

மறுநாள் காலை துணை முதல்வர் சந்திரமதியைக் கூப்பிட்டார். மருதப்பன் தொலைபேசியிருந்தார். எங்கள் சமயத்தை உங்கள் பள்ளி அவமதிக்கிறது என்று சொல்லியிருந்தார். சிங்கப்பூரில் இந்த ஒரு வாக்கியத்துக்கு இருக்கிற வேகம் எந்த மருத்துவச் சான்றுக்கும் இல்லை.

“சந்திரா, ரிலிஜன் மேட்டர் லா. டோன்ட் டச்,” என்றார் அவர். சீனர், நல்லவர், பிள்ளைகளின் பெயர் தெரிந்துவைத்திருப்பவர்.

“சார், இது மதம் இல்ல. மருந்து. பிள்ளைக்குப் பழைய எண்ணம் திரும்புது. குழந்தைப் பாதுகாப்புப் பிரிவுக்கு எழுதணும்.”

“பூசம் எப்ப?”

“அடுத்த செவ்வாய்.”

“ஒன் வீக் ஒன்லி. ஃபெஸ்டிவல் முடியட்டும், குடும்பத்தைக் கூப்பிட்டுப் பேசலாம். அதுவரைக்கும் வீட்டுக்குப் போன் பண்ணாதீங்க.”

ஒவ்வொரு சமயத்தையும் மதிக்கிறோம் என்று நாம் பெருமைப்படுகிறோம். மதிப்பது வேறு, ஒதுங்கிக்கொள்வது வேறு. அவருடைய மகள் மருந்தை நிறுத்தியிருந்தால் அவர் ஒரு வாரம் காத்திருப்பாரா? இந்தப் பிள்ளை இந்து, இது அவர்கள் விவகாரம் என்று அவர் கண்ணியமாக ஒதுங்கினார். அந்தக் கண்ணியத்தின் சரியான பெயர் கைவிடுதல்.

சந்திரமதி அவருக்குமேல் எழுதியிருக்கலாம். எழுதினார், மின்னஞ்சலை அனுப்பாமல் வைத்திருந்தார். ஒரு வாரம்தானே என்று அவருக்கும் தோன்றியது. வெள்ளிக்கிழமை ரக்ஷனாவிடம் திட்டத்தை மறுபடி சொல்லச் சொன்னார். அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள்: அம்மா, போன், ரூம். “போன் இல்லயே மேம்” என்றாள்.

“அப்ப ரூம்.”

தைப்பூசம் இங்கே பொது விடுமுறை இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை பள்ளி வழக்கம்போல நடந்தது. ரக்ஷனா விடுப்பு என்று வருகைப்பதிவில் இருந்தது. அவள் விடியும் முன்பே சிராங்கூன் சாலைப் பெருமாள் கோவிலில் பால்குடத்தைத் தலையில் ஏற்றினாள். பின்னால் பெரியப்பாவின் காவடி. சுற்றிலும் உறுமியும் அரோகராவும். டேங்க் ரோடு கோவில்வரை நடக்க வேண்டும். டோபி காட் பக்கம் வந்தபோது அருகில் நடந்துகொண்டிருந்த, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், “ஆன்ட்டி, கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா, டாய்லெட் போய்ட்டு வந்துடறேன்” என்று குடத்தைக் கொடுத்தாள். ரவிக்கைக்குள் ரயில் அட்டை இருந்தது. டோபி காட்டில் ஏறினால் புக்கிட் பாத்தோக்குக்கு ஒரே ரயில்.

அந்த ரயிலில் அவளைப் பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள். மஞ்சள் பாவாடை தாவணி, தோளெல்லாம் பால் சிந்திக் காய்ந்த பிசுக்கு, வெறுங்கால். ஒரு மணி நேரப் பயணம். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பது நாகரிகம்.

பள்ளி வாசலில் சேக் தாவூது இருந்தார். அறுபது தாண்டியவர், பகல் காவல்.

“என்னம்மா இது கோலம்? யூனிஃபார்ம் எங்க?”

“உள்ள போகணும் அங்கிள்.”

“இன்னைக்கு லீவுன்னு காட்டுதே. யாரப் பாக்கணும்?”

“கவுன்சலர்.”

“அப்பாயின்ட்மென்ட் இருக்கா?”

அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று. அனுமதி கேட்காதே, கதவு தட்டாதே என்றுதான் அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. வாசலில் ஒருவர் கேட்பார் என்று யாரும் சொல்லவில்லை.

சீருடை இல்லாத, விடுப்பிலுள்ள மாணவரை உள்ளே விடக்கூடாது. அவர் அலுவலகத்தை அழைத்தார். அங்கிருந்த எழுத்தர் சந்திரமதியின் அறைக்கு அழைத்தார். சந்திரமதி வேறொரு பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தார், ஆலோசனை நேரத்தில் மணி ஒலிக்காது. வாசலில் நிற்பவள் எதற்கு வந்திருப்பாள் என்று எழுத்தருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. துணை முதல்வரைக் கேட்டார். அவருக்குத் தெரியும். அவர் கூட்டத்தில் இருந்தார். ஊர்வலத்திலிருந்து பிள்ளை ஓடிவந்திருக்கிறாள், குடும்பம் தேடிக்கொண்டிருக்கும் என்று நினைத்தார். “கால் த ஃபேமிலி” என்றார்.

சேக் தாவூது தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்து, மைலோ பாக்கெட் ஒன்றை உடைத்துக் கொடுத்தார். அவள் குடிக்கவில்லை. அங்கிருந்து பார்த்தால் சந்திரமதியின் அறைக் கதவு தெரியும். தாள் ஒட்டிய கண்ணாடி. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று பிறகு அவர் சொன்னார்.

மருதப்பன் டாக்சியில் வந்தார். மார்பிலும் முதுகிலும் அலகு குத்திய காயங்களில் திருநீறு. காவடியை வேறொருவரிடம் மாற்றிவிட்டு வந்திருந்தார். “கொடத்த நடுத்தெருவுல விட்டுட்டு வந்துட்டியேம்மா” என்று அழுதார். அடிக்கவில்லை. கையைப் பிடித்து அழைத்துப்போனார்.

அன்று மாலை வீட்டில் ரக்ஷனா தன் உயிரை எடுத்துக்கொள்ள முயன்றாள். எப்படி என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. எதிர்வீட்டு மலாய்க்காரப் பெண்மணி ஏதோ சரியில்லை என்று கதவைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். அதனால் அவள் பிழைத்தாள்.

மறுநாள்தான் சந்திரமதிக்கு எல்லாம் தெரிந்தது. வாசலில் அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள் என்பது உட்பட.

பள்ளியில் ஆய்வுக் கூட்டம் நடந்தது. காவலர் விதிப்படி நடந்தார். எழுத்தர் விதிப்படி நடந்தார். துணை முதல்வர் சமய நல்லிணக்க வழிகாட்டியின்படி நடந்தார். அனைத்து நடைமுறைகளும் பின்பற்றப்பட்டன என்று கூட்டக் குறிப்பை முடிக்கலாமா என்று கேட்டார்கள்.

“முடிக்கலாம்,” என்றார் சந்திரமதி. “எல்லாரும் விதிப்படிதான் நடந்தோம். நானும்தான். அந்த வரிக்குக் கீழ, அதனாலதான் பிள்ளை சாகப் பாத்தாள்னு இன்னொரு வரி எழுதுங்க.”

எழுதவில்லை. ஆலோசகர் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார், சில நாள் ஓய்வு எடுக்கலாம் என்றார்கள். ஆண்டு நடுவில் வேறு பள்ளிக்கு மாற்றலாகலாம் என்றும் பேச்சு அடிபட்டது.

ஓய்வு நாளில் அவர் மருத்துவமனைக்குப் போனார். வார்டுக்கு வெளியே மருதப்பன் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தார். சந்திரமதியைப் பார்த்ததும் எழுந்தார்.

“பாத்தீங்கள்ல மேடம்? பாதில விட்ட நேர்த்தி. சாமி குத்தம் சும்மா விடுமா? அடுத்த வருஷம் ரெண்டு கொடமா...”

“வாய மூடுங்க அத்தான்.”

கதவோரம் நின்ற பாப்பாத்தி. பதினெட்டு வருடத்தில் அவர் இந்த மனிதரிடம் அப்படிப் பேசியதில்லை. சொல்லிவிட்டு அவரே பயந்துபோனதுபோல முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். மருதப்பன் மெல்ல உட்கார்ந்தார். அந்தக் கடையில் பாப்பாத்திக்கு இனி வேலை இருக்குமோ இருக்காதோ. அதை அன்று யாரும் பேசவில்லை.

உள்ளே மருத்துவர் சந்திரமதியிடம் சொன்னார்: “இதே மருந்து சிரப்பாவும் இருக்கு. இவ்வளவு நாள் யாரும் ஏன் கேக்கல?”

“கேட்டாங்க டாக்டர். இந்தப் பிள்ளையோட அம்மா கேட்டாங்க. நீங்க பாட்டுப் போட்டீங்க.”

மருத்துவர் புரியாமல் நின்றார்.

ரக்ஷனாவின் படுக்கையோரம் நாற்காலியை நேரே போடாமல் சாய்த்துப் போட்டு உட்கார்ந்தார். இருவரும் சுவரைப் பார்த்தார்கள். தாதி சிறு கிண்ணத்தில் சிரப்பை வைத்துவிட்டுப் போனாள்.

“காலையில என்ன சாப்பிட்ட?”

“இட்லின்னு ஒண்ணு குடுத்தாங்க. கல்லுலா, மேம்.” குரல் கரகரத்தது. கிண்ணத்தை எடுத்துப் பார்த்தாள். “இது சைவமா?”

“தெரியாது. கேக்கவும் மாட்டேன்.”

அவள் உதட்டில் ஏதோ அசைந்தது. குடித்தாள். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்:

“நான் வந்தேன் மேம்.”

“தெரியும்.”

“நீங்க சொன்ன மாதிரியே வந்தேன். யாருகிட்டயும் கேக்காம.”

“தெரியும்மா. நீ சரியாத்தான் செஞ்ச. நாந்தான் கேட்ல சொல்லி வெக்கல.”

“இப்ப வந்தா விடுவாங்களா?”

“விடுவாங்க.”

“நீங்க மாறிப் போயிட்டா?”

தெரியாததைத் தெரியும் என்று சொல்லிச் சந்திரமதிக்குப் பழக்கமில்லை. “தெரியலம்மா. அதுக்குள்ள என்ன செய்ய முடியுமோ செய்யறேன்” என்றார். ரக்ஷனா தலையசைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அங்கிருந்து நேராகப் பள்ளிக்குப் போனார். மாலை ஐந்தரை மணி, பிள்ளைகள் போயிருந்தார்கள். வாசலில் சேக் தாவூது அவரைக் கண்டதும் எழுந்து நின்றார். அவர் கண்ணைப் பார்க்கவில்லை.

“மேடம், அன்னைக்கு அந்தப் புள்ள அங்கயே பாத்துக்கிட்டு இருந்துச்சு. நாலு எட்டு நடந்து உங்க கதவத் தட்டியிருந்தா... கேட்ட விட்டுட்டுப் போகக்கூடாதுன்னு ரூல்.”

“தப்பு உங்க மேல இல்ல பாய். இப்ப ஒண்ணு கேக்கறேன். எந்தப் புள்ளையா இருந்தாலும் சரி, எந்த டிரெஸ்ல வந்தாலும் சரி, லீவுல இருந்தாலும் சரி, கவுன்சலர்னு ஒரு வார்த்த சொன்னா, வேற ஒண்ணும் கேக்காதீங்க. பேரு வேணாம், காரணம் வேணாம். என் ரூமுக்குக் கூட்டிட்டு வந்து கதவத் தொறந்து விடுங்க. நான் யாரோட பேசிக்கிட்டு இருந்தாலும் பரவால்ல.”

“ஆபீஸ்ல கேட்டா?”

“நான் சொன்னேன்னு சொல்லுங்க. வேலைய விட்டுத் தூக்கறதா இருந்தா என்னத் தூக்கட்டும்.”

அவர் யோசித்தார். “நான் செய்வேன் மேடம், அல்லாமேல ஆணையா. ஆனா ஏழு மணிக்கு ஷிப்ட் மாறும். ராத்திரி வர்ற ஆளு வேற. அவருக்குத் தமிழ் தெரியாது, மலாய்தான். நான் சொன்னா கேப்பாரோ என்னமோ. காலையில ரிலீஃப்க்கு இன்னொரு பொண்ணு வரும். அவளுக்கும் சொல்லணும். கான்ட்ராக்ட் மாறினா எல்லாருமே புதுசு.”

“ராத்திரி ஆளு ஏழு மணிக்கு வருவாரா?”

“சில நேரம் லேட்டாவும் வருவாரு. நீங்க வீட்டுக்குப் போங்க மேடம். பொங்கோல்ல இருக்கீங்க, இங்கேர்ந்து எவ்ளோ தூரம்.”

“பரவால்ல,” என்றார் சந்திரமதி. “இருக்கேன்.”

சேக் தாவூது அந்த நாற்காலியை இழுத்துப் போட்டார். சந்திரமதி அதில் உட்காரவில்லை. வாசற்கம்பியைப் பிடித்தபடி, அங்கிருந்து தெரிந்த தன் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடியில் தான் ஒட்டிய தாள் இருந்தது. உள்ளிருந்தே வாசல் தெரியும்படி முதலில் அதைக் கிழிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.